சிவலை கன்று ஈன்ற பகல்

விமானம் முதல் தடவை வட்டமிட்டதும் அப்பா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கினார். அம்மா வரவில்லை. வயலோரத்தில் எங்கள் சிவலைப் பசு கன்று ஈன முடியாமல் முக்கிக்கொண்டு கிடந்தது. கன்றின் ஒரு கால் மட்டுமே வெளியே தெரிந்தது.

"தங்கரத்தினம், ஓடி வாரும்! திரும்பவும் வாறான்!" என்று அப்பா கத்தினார்.

"மற்றக் காலும் பிடிபடட்டும், வாறன்," என்றாள் அம்மா. அவள் கை முழங்கைவரை பசுவுக்குள் இருந்தது.

குளக்கட்டுக்கு அப்பால் குண்டு விழுந்தது. குழியின் மண் எங்கள் தலையில் கொட்டியது. எட்டிப் பார்த்தேன். புழுதிக்குள் அம்மா குதிக்காலை ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தாள். கன்று வழுக்கி அவள்மேல் வந்து விழுந்தது. அதன் மூக்கில் வாய் வைத்து உறிஞ்சித் துப்பினாள்.

விமானம் மறுபடி தாழ்ந்து வந்தது. நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். கன்று அஞ்சவில்லை, பிறந்ததிலிருந்து அதற்குத் தெரிந்த சத்தம் அது ஒன்றுதான். எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து பாலைத் தேடியது.

அப்பா மெல்லக் குழியை விட்டு ஏறிப் போய், தோளிலிருந்த துவாயால் அதைத் துடைக்கத் தொடங்கினார். நானும் தம்பியும் வெளியே வந்து நின்றோம். விமானம் எப்போது போனதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.