டவுன் ஹால் பல்லி

பழைய டவுன் ஹாலில் ஒரு பல்லியும், தேக்கு உத்தரத்தில் ஒரு வௌவாலும் குடியிருந்தன. கட்டிடத்தை இடிப்பதா, காப்பதா என்று முடிவுசெய்ய நகர்மன்றத்தார் அங்கே கூடினார்கள்.

“இடிச்சிடலாம்” என்றார் ஒருவர். பல்லி பேசாமல் இருந்தது.

“இந்த வளைவும் வண்ணக் கண்ணாடியும் இனிமே கிடைக்குமா? காப்பாத்துவோம்” என்றார் இன்னொருவர். பல்லி சத்தமிட்டது.

“பல்லியே சொல்லிடுச்சு!” என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

“பாத்தியாக்கா, என் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு!” என்றது பல்லி.

“சரிடா, இதோட வாயை மூடிக்கோ” என்றது வௌவால்.

தலைவர் எழுந்தார். “முதல்ல இங்க இருக்கிற பல்லி, வௌவாலையெல்லாம் விரட்டணும்.”

எல்லோரும் அண்ணாந்து பல்லியைப் பார்த்தார்கள். சபையை ஏமாற்ற அதற்கு மனம் வரவில்லை. சத்தமிட்டது.

வௌவால், தூங்கிக்கொண்டிருந்த தன் குட்டியை எழுப்பியது.