பேராக் கள்ளு

மலேசியாவின் பஹாங் மாநிலத்து மலையூரான கம்போங் ராஜாவில் சனிக்கிழமை சாயங்காலம். சாப்பாட்டுக் கடையின் பின்பக்க மேசைக்கு மேலே குழல் விளக்கு எரிகிறது. தேயிலைச் சரிவிலிருந்து இறங்கும் மூடுபனி அந்த வெளிச்சத்தில் மெதுவாக நகர்கிறது. தேயிலை ஆலையில் வேலை செய்யும் யோகேந்திரன் பீர் டின்னைத் திறக்கிறான். காய்கறி ஏற்ற, மலைக்குக் கீழே பக்கத்து மாநிலமான பேராக்கிலிருந்து வந்து இரவு இங்கேயே தங்கும் லோரிக்காரன் பசுபதி, கள்ளு பாட்டிலை மேசையில் வைக்கிறான். மூடியைத் தளர்த்தியதும் நுரை வழிகிறது. "மலையேறி வர்றதுக்குள்ள புளிச்சுப் போவுது ஒங்க ஊரு கள்ளு. எங்க பஹாங்ல பீருக்கு ஐஸே வேணாம்லா," என்கிறான் யோகேந்திரன். வாராவாரம் சொல்வதுதான். "தென்னமரமே இல்லாத ஊர்க்காரன் பேசுறான்," என்று பசுபதியும் வழக்கம்போலச் சொல்கிறான். ஆனால் ஒரே ஒரு குவளையில் ஊற்றி, அதையும் யோகேந்திரன் பக்கம் தள்ளுகிறான்.

"ஒனக்கு?"

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு. ஈரல் கெட்டுப் போச்சாம். நீயாவது குடி."

கடைக்குள் தட்டு கழுவும் சத்தம் கேட்கிறது. பசுபதியின் விரல்கள் பாட்டில் மூடியை உருட்டிக்கொண்டிருக்கின்றன. இத்தனை வருஷமாகக் கள்ளை வாயில் வைக்காத யோகேந்திரன், பீரை ஒதுக்கிவிட்டுக் குவளையை எடுத்துக் குடிக்கிறான். "நல்லாத்தான் இருக்கு. பேராக்தான் ஜெயிச்சுச்சு."

பசுபதி குனிந்து குவளையை முகர்ந்து பார்க்கிறான். "பொய் சொல்லாதடா. இன்னிக்கு ரொம்பப் புளிச்சிருக்கு."

யோகேந்திரன் மிச்சத்தையும் குடித்துவிட்டு, இன்னும் ஊற்றச் சொல்லிக் குவளையை நீட்டுகிறான்.