நாற்பத்தொரு மீறல்கள்

புகார் எழுதிக் கொடுத்தது அவள்தான்.

ஊழியர்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்கள் நான்கில் ஒன்றுதான் புதுசு. முன்னால் ஏதாவது வந்தால் தானே பிரேக் போடும். தினமும் எல்லாருக்கும் முந்தி வந்து அதன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார் சீனியர் டிரைவர். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன அவளுக்கு, ஸ்டியரிங்கைத் திருப்பினால் தோள்பட்டையே கழன்றுவிடும் பழைய வண்டிதான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மேனேஜர் அந்த பஸ்ஸின் கம்ப்யூட்டர் பதிவை எடுத்துப் பார்த்தார். மூன்று மாதத்தில் நாற்பத்தொரு தடவை, பஸ் பிரேக் போட்டபோது சீனியர் ஆக்சிலேட்டரை மிதித்து அதை மீறியிருக்கிறார்.

கூப்பிட்டு விசாரித்தார். கோளாறு வண்டியில்தான், இரண்டு தடவை எழுதியே கொடுத்தாகிவிட்டது என்றார் சீனியர்.

"மெஷின் பொய் சொல்லாது. உங்க கால்தான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

சாவியை அவளிடம் கொடுக்கும்போது, "அம்மா, அந்த மேம்பாலத்துக்கிட்ட..." என்று ஆரம்பித்தார் சீனியர். போகிற நேரத்திலும் புத்தி சொல்ல வருகிறாரே என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை, மேம்பாலத்தை நெருங்கும்போது சாலையில் ஈ காக்கை இல்லை. பஸ் தானாகவே பிரேக் போட்டுத் தடாலென்று நின்றது. என்ன செய்வதென்றே தெரியாமல் அவள் உறைந்து போனாள். பின்னால் வந்த லாரி கடைசி நொடியில் ஒதுங்கி, பஸ்ஸை உரசிக்கொண்டு போனது. பஸ்ஸுக்குள் இரண்டு பேருக்கு நெற்றியில் ரத்தம்.

ஷெட்டுக்குத் திரும்பி, நடந்ததை மெக்கானிக்கிடம் சொன்னாள். அவர் தலை நிமிராமலே பேசினார்.

"பாலத்து நிழலைச் சுவருன்னு நினைச்சு அது பிரேக் அடிக்கும். அவரு முன்கூட்டியே வேகத்தைக் குறைச்சு, பின்னாடி வர்றவனைக் கண்ணாடில பாத்து, ஆக்சிலேட்டரைக் கொடுத்து வெளிய கொண்டுவந்துடுவாரு."

"ஏன் யாருமே சொல்லல?"

"மத்த ரெண்டு டிரைவருக்கும் தெரியும். அந்த வண்டியைத் தொட மாட்டோம்னுட்டாங்க. உன்கிட்ட சொல்லி என்ன ஆகும்? நீ அப்படிச் சொல்ல முடியுமா? உன் வேலைதான் இன்னும் நிரந்தரமாகலையே."

ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"சாவி உன் கைக்கு வந்துடக் கூடாதுன்னுதாம்மா, அந்த மனுஷன் தினமும் முதல் ஆளா வந்து நின்னாரு."