கூப்பிடும் பெயர்

திருவள்ளூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கரண்ட் போய்விடுகிறது. சுவரில் சிவப்பாய் எரிந்துகொண்டிருந்த டோக்கன் எண் அணைகிறது. மின்விசிறி கடைசிச் சுற்றை இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. ஜன்னல் வெயிலில் பெஞ்சு மினுங்குகிறது. எத்தனையோ பட்டாளத்துக்காரர்கள் உட்கார்ந்து தேய்த்த மினுமினுப்பு. "அப்பல்லாம் ஏது மிஷினு? பியூன் வாசல்ல நின்னுகினு, எங்க வூட்டுக்காரரு பேர நாயக்ங்கிற பதவியோட சேத்துக் கூவுவாரு. நான் வாய்விட்டுச் சொல்லாத பேரு, ரோடு வரைக்கும் கேக்கும்," என்கிறாள் அத்திப்பட்டு ஞானம்மா. "இப்ப நாம வெறும் நம்பருதான்," என்று பக்கத்தில் பூவம்மாள் சிரிக்கிறாள். இருவரும் பட்டாளத்துக்காரர்களின் விதவைகள். உயிரோடிருப்பதைக் காட்ட வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள். ஞானம்மாவின் உள்ளங்கை வியர்வையில் டோக்கன் சுருண்டு கிடக்கிறது. இளம் கிளார்க் ரம்யா ஃபைலோடு வாசலுக்கு வருகிறாள். மேலட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, தொண்டையைச் செருமி, உரக்கப் படிக்கிறாள்: "நாயக் தாவீது!" ஞானம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, நேராக எழுந்து நிற்கிறாள். "இருக்காரும்மா," என்கிறாள்.