ஆலோசகர் எதற்கு?

"அண்ணே, இந்த மார்க்குக்கு நான் எதுக்கு? பேசாம ஊருக்குப் போங்க" என்றார் சின்னச்சாமி.

எதிரே உட்கார்ந்திருந்த நல்லகாமன் அசையவில்லை. பேரையூரிலிருந்து முதல் பஸ்ஸில் மகள் முத்துத்தாயோடு வந்திறங்கி, டவுன்ஹால் ரோட்டில் நாலு பேரிடம் விசாரித்து, 'மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் இடம் பெற ஆலோசகர்' என்ற போர்டைப் பார்த்து மாடியேறியவர் அவர். அவ்வளவு லேசில் இறங்கிவிடுவாரா?

"நீங்க இல்லாம முடியாது சார். எம்புட்டு ஆகும்னு மட்டும் சொல்லுங்க."

வருகிற பார்ட்டியைத் திருப்பி அனுப்புவது சின்னச்சாமிக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் போன வருஷம் பட்டது அப்படி. தானாகக் கிடைத்திருக்கக்கூடிய சீட்டுக்கு இவர் பணம் வாங்கிவிட்டார் என்று ஒரு மளிகைக்கடைக்காரர் மாடியேறி வந்து சட்டையைப் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைக் கண்டாலே அவருக்குப் பயம்.

"பாப்பா, மெடிக்கல் இன்டர்வியூ முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு சார். கேட்டதுக்கெல்லாம் நல்லாத்தான் சொன்னேன்" என்றாள் முத்துத்தாய். நுழைவுத் தேர்வு இல்லாமல், மார்க்கையும் இன்டர்வியூவையும் வைத்தே மெடிக்கல் சீட்டுக் கொடுத்த காலம் அது.

"பெறகென்னண்ணே? பிளஸ் டூவுல பயாலஜிக்கு நாலு மார்க்குதான் கொறச்சல். இப்படி ஒரு புள்ளைய விட்டுட்டு வேற யாருக்குச் சீட்டுக் குடுப்பாங்க? என்கிட்ட வர்றதெல்லாம் தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணின புள்ளைகளோட அப்பாமாருங்க. கர்நாடகாப் பக்கம் கூட்டிட்டுப் போய் பணத்தைக் கட்டிச் சேர்த்துவிடுவேன். உங்களுக்கு அது தேவையே இல்லை."

முத்துத்தாய் அப்பாவின் சட்டைக்கையை இழுத்தாள். "அதான் சொல்றாருல்ல. வாப்பா, போயிருவோம்."

"நீ சும்மா இரு தாயி" என்று மகளை அடக்கிவிட்டு நல்லகாமன் தொடர்ந்தார். "உங்க பேரு எங்க ஊரு வரைக்கும் எட்டியிருக்கு சார். சின்னச்சாமிகிட்டப் போனா சொத்தையே எழுதி வாங்கிருவாருன்னு பேசிக்கிறாங்க."

சந்தோஷப்படுவதா, ரோஷப்படுவதா என்று சின்னச்சாமிக்குத் தெரியவில்லை.

"அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

"அதனாலதான் வந்தேன்."

இந்த மனுஷனை என்ன செய்வது? சின்னச்சாமி மின்விசிறியை ஒரு எண் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சார், எங்க அக்கா ஒச்சாயி, தன் மகனுக்கு இவளைக் கேட்டு நிக்குது. முறைப் பையன். முடியாதுன்னு சொல்ல எனக்கு வழியில்லை. இவ டாக்டராகட்டும், அதுவரைக்கும் பொறுன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். படிச்சது போதும், ஆவணியில கல்யாணம்ங்குது. எம்மக படிச்சே ஆகணும்."

"கல்யாணத்தைப் பண்ணிட்டும் படிக்கலாமே?"

"அடுப்படியில உக்காந்து எந்தப் புஸ்தகத்தைச் சார் படிக்கிறது?" என்றாள் முத்துத்தாய். குரல் உயரவில்லை. ஆனால் அப்பனுக்கு ஏற்ற மகள் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்தது.

"சரி, சீட்டு வந்துட்டா உங்க அக்கா என்ன பண்ண முடியும்ண்ணே?"

"உங்களுக்கு எங்க அக்காவைத் தெரியாது."

சின்னச்சாமிக்கு மனசு இளகிவிட்டது. தான் விரட்டினால் இந்த வெள்ளந்தி மனுஷன் வேறு எவனிடமாவது போய் ஏமாந்து நிற்பான். அதற்குத் தன்னிடம் வந்ததே மேல் என்று தோன்றியது.

"நான் இப்ப என்னதான் செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். ஞாயித்துக்கெழமை எங்க வீட்டுக்கு வாங்க. சொந்தபந்தமெல்லாம் வரும். எங்க அக்காவுக்கு எதிர உக்காந்து, 'சீட்டுக்கு உங்க தம்பி பெரிய தொகையாக் கட்டிட்டாரு, இனிமே கேட்டாலும் திரும்பி வராது'ன்னு நல்லாச் சத்தமாச் சொல்லணும். அம்புட்டுத்தான். அதுக்கு உங்க பீஸை வாங்கிக்கங்க."

சின்னச்சாமி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"வேலையே செய்யாம எப்படிண்ணே சொல்றது? நாளைக்குச் சீட்டு வரலைன்னா என் கதி என்ன?"

"சீட்டு முந்தாநாளே வந்திருச்சு சார்" என்றார் நல்லகாமன். "சும்மா வந்ததுன்னு தெரிஞ்சா, விட்டுட்டு வான்னு சொல்ல எங்க சனத்துக்கு வாய் வரும்; கிரயம் குடுத்து வாங்குனதை விடச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வராது."