ஆல்பின் வாத்தியாரின் டிராகன்

"இன்னிக்கு உன் ஊரையே கொளுத்திச் சாம்பலாக்குறேன் பாருலே!"

வழக்கமான மதியத்துக்குப் பதில் அன்று சாயங்காலம் வந்து, காளிராஜ் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த இசபெல் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து வந்தது அவள் வீட்டுக்காரர் ஆல்பினின் குரலேதான்.

பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுச் சாயங்காலமானால் காணாமல் போகிற வாத்தியார் இங்கேயா இருக்கிறார்? அதுவும் யார் வீட்டுக்கு வந்து எதைக் கொளுத்துகிறாராம்?

காளிராஜ் ஆல்பினோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். ஆடி மாதம் அங்கே தீப்பிடித்ததில் வலது கை வெந்துபோனது. புண் ஆறிவிட்டது. விரல்கள்தான் மரக்கட்டை மாதிரி விறைத்து நிற்கின்றன.

"இப்பவே மடக்கிப் பழகணும். இல்லேன்னா தோல் இறுகிப்போயி, பிறகு எந்தக் காலத்துலயும் மடங்காது" என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்ற நர்ஸே இசபெல்தான்.

அன்றிலிருந்து மதியம் டியூட்டி முடிந்து வரும் வழியில் இங்கே நுழைந்து, ரப்பர் பந்தைக் கையில் கொடுத்துக் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், ஜெபம்கூடப் பண்ணிப் பார்த்தாள். அவனோ பந்தைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

அப்பேர்ப்பட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் இந்த மனுசன் கொளுத்துவேன் என்கிறார்! இசபெலுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. விறுவிறுவென்று உள்ளே போனாள்.

மேசை மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் முன்னால் இரண்டு நாற்காலி. திரையில் ஒரு கோட்டை, குதிரைக்காரர்கள், வில்லும் அம்புமாகக் கொஞ்சம் பேர். மேலே பறந்து வந்த ஒரு டிராகன் நெருப்பைக் கக்க, வரிசையாக வீடுகள் எரிந்துகொண்டிருந்தன.

அவளுக்குத் தெரிந்த விளையாட்டுத்தான். கல்லூரிக் காலத்தில் கிளாஸைக் கட் அடித்துவிட்டுத் தானும் காளிராஜும் பிரவுசிங் சென்டரில் பழியாய்க் கிடந்ததை, கல்யாணமான புதிதில் ஆல்பின் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"ஏங்க, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் ஸ்கூல்லயே வச்சிட்டு வந்துட்டீகளா? தீயில வெந்து கிடக்குற மனுசன் முன்னாடி தீயக் கக்குற டிராகனா? வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சுறதுன்னா இதுதான்!"

"ஒரு நிமிசம் இரு இசபெல். இது அவன் முறை" என்றார் ஆல்பின்.

"முறையாவது மண்ணாவது! அதுவும் பொய் சொல்லிட்டு வந்து ஆடுறீக! நானு இந்த விரலுக்காக முழங்கால் தேய ஜெபம் பண்ணுறேன். நீங்க அவர ஜெயிச்சு மெடலா வாங்கப் போறீக?"

சத்தம் கேட்டுக் காளிராஜின் மனைவி பாண்டிமீனா காபியோடு வந்தாள்.

"இதையெல்லாம் நீயும் பாத்துக்கிட்டா இருக்க?"

"தினமும் இதே கூத்துதான்க்கா" என்று சிரித்தாள் அவள்.

சிரிக்கிறாள்! இந்த வீட்டில் ஒருத்தருக்காவது புத்தி இருக்கிறதா?

"மதினி, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, மறைக்குது" என்றான் காளிராஜ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தப் பய ஊரயே கொளுத்திட்டான். ஒவ்வொரு வீடா திரும்பக் கட்டணும். வில்லுக்காரன ஒவ்வொருத்தனா கொண்டுபோயி நிறுத்தணும். எம்புட்டு வேலை கெடக்கு!"

"வீடு கெடக்கட்டும் தம்பி. பந்து எங்க? இன்னிக்கு ஒரு தடவயாவது விரல மடக்குனீகளா?"

அவன் முகம் சட்டென்று கறுத்தது.

"அத மட்டும் கேக்காதீக மதினி! இந்த விரலு மடங்காதுன்னு எத்தன தடவ சொல்லுறது? மடக்குனா உசுரே போயிரும். என்ன விட்டுருங்க!"

இசபெல் பதிலுக்கு வாயைத் திறக்கும் முன், பாண்டிமீனா அவள் முழங்கையைத் தொட்டு, கண்ணால் மேசையைக் காட்டினாள்.

மவுஸைப் பிடித்திருந்தது வலது கை.

ஆள்காட்டி விரல் மெல்ல மடங்கி, அழுத்தி, நிமிர்ந்தது. ஒரு வீடு எழுந்தது. மறுபடியும் மடங்கியது. இன்னொரு வீடு. வலியில் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது, ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. முறை வைத்து ஆடும் பழைய காலத்து விளையாட்டு, அவன் எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவசரப்படுத்தாமல் காத்துக்கொண்டிருந்தது.

ஆல்பின் எழுந்து வந்து அவள் காதோரம் சொன்னார்: "சத்தம் போடாத. மருந்துன்னு தெரிஞ்சா துப்பிருவான்."

இசபெல் சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"ஊரு கட்டியாச்சு! இப்ப வாலே பாப்போம்!" என்று காளிராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இசபெல் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வந்தபோது இருந்த அதே கோபத்தோடு புருசனைப் பார்த்துக் கத்தினாள்:

"இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கீக? அந்த டிராகன அனுப்புங்க. ஒரு வீடு விடாமக் கொளுத்தட்டும்!"