இடது குதிகால்

குரல் பதிவு அறையில் ஏசியை அணைத்துவிட்டார்கள். அதன் முனகல்கூட மைக்கில் விழும். கழற்றி வைத்த வளையல்கள் ஸ்டூலின்மேல் கிடக்க, ஐம்பது வயதுக்காரி வெறுங்காலோடு கம்பளத்தில் நிற்கிறாள். எதிரே திரையில், கார்ட்டூன் தொடரின் பன்னிரண்டு வயதுப் பையன் மழையில் பந்தைத் துரத்துகிறான். அணியில் இடம்பிடிக்க அவனுக்கு இதுதான் கடைசி ஆட்டம். அவனுக்குக் குரலாக நீடிக்க அவளுக்கும் இன்றுதான் கடைசி வாய்ப்பு. வெளியே சோபாவில் ஒரு சின்னப் பெண் அதே வசனத்தாளோடு காத்திருக்கிறாள். உள்ளே இவள் நின்ற இடத்திலேயே ஓடி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறாள்: “பந்தை எனக்குக் குடுடா!” உதட்டசைவு அச்சாகப் பொருந்துகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்துகிறான்.

“ஓகேக்கா. கிளம்புங்க.”

“ஓகே இல்ல தம்பி. போன காட்சியில அவனுக்கு இடது கால் சுளுக்கிடுச்சு. நான் ரெண்டு காலாலயும் நல்லா ஓடித் தொலைச்சிட்டேன்.”

“அது யாருக்குக்கா கேக்கப்போகுது? வந்த ஓகேயைக் கெடுத்துக்காதீங்க.”

“என் காதுல விழுதே. இன்னொண்ணு போடு.”

வளையல்களில் தடித்ததாக ஒன்றை எடுத்துக் கம்பளத்தில் வைத்து, அதன்மேல் இடது குதிகாலை ஊன்றிக்கொள்கிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது. ஓடத் தொடங்குகிறாள், ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் மூச்சு இடறுகிறது, முகம் கோணுகிறது, ஆனால் கால் நிற்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர், தன்னையறியாமல், தன் இடது காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்கிறான்.